இடர் யாருக்கு?

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் மும்பைக் கல்லூரிகளின் பொருளியல், வணிகவியல், புள்ளியியல் துறைகளின் மேசைகளில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற அறிக்கைகள் வந்து குவிகின்றன. 'வங்கி இடர் மேலாண்மையில் எட்டு வாரக் கோடைப் பயிற்சி' என்பது தலைப்பு. முன்னால் சான்றிதழ், பின்னால் நன்றியுரை, நடுவில் வரைபடங்கள். துறை வருகை நாட்களைச் சரிபார்க்கிறது, கிரெடிட் வழங்குகிறது. இவ்வறிக்கைகளில் 'இடர்' என்ற சொல்லோ அதன் ஆங்கில இணையோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்த இடர் யாருக்கு என்ற கேள்வி மட்டும் எங்கும் வருவதில்லை. இக்குறை மாணவருடையது அன்று. அவர்களை அனுப்பிவைக்கும் கல்விப்புலத்தினுடையது.

டோம்பிவிலி கிழக்கைச் சேர்ந்த ஒரு முதுகலை மாணவியின் 2024ஆம் ஆண்டுக் கோடையை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் தலைமுறை மும்பைத் தமிழர், புள்ளியியல் பயில்பவர். காலையில் விரைவு வண்டியின் மகளிர் பெட்டியில் ஏறிக் குர்லாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாந்த்ரா–குர்லா வளாகத்தை அடைவார். அங்கே ஒரு வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில் அவருக்கு அளிக்கப்பட்டது ஒரு நீண்ட எக்செல் அட்டவணை: சிறுகடன்கள், தவணை நாட்கள், தாமதங்கள். ஒன்று முதல் 30 நாள் வரையிலான தாமதம் முதல் வகை. 31 முதல் 60 வரை இரண்டாம் வகை. 61 முதல் 90 வரை மூன்றாம் வகை. 90 நாட்களைக் கடந்தால் வாராக்கடன். கடன் தவறுவதற்கான நிகழ்தகவு, தவறினால் இழக்கப்படும் விகிதம், நிலுவையில் உள்ள தொகை ஆகிய மூன்றையும் பெருக்கினால் எதிர்பார்க்கப்படும் இழப்பு கிடைக்கும். கணக்கு எளியது; துல்லியமானது; கற்கத் தக்கது.

மூன்றாம் வாரத்தில் 421201 என்ற அஞ்சல் குறியீட்டெண் கொண்ட வரிசைகள் வந்தன. அது அவர் வீட்டுக் குறியீட்டெண். பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன, தாமத நாட்கள் மறைக்கப்படவில்லை. இவை ஏன் தாமதமாகின என்று வழிகாட்டியிடம் கேட்டார். "அது வசூல் பிரிவின் வேலை, நமக்குத் தேவையானது நிகழ்தகவு மட்டுமே" என்பது விடை. அலுவலக முறைமைப்படி அவ்விடை சரியானதே. ஆனால் ஒரு பல்கலைக்கழக மாணவியின் கேள்விக்கு அதுவே இறுதி விடையாக நின்றுவிட்டது.

அன்றிரவு வீட்டில் ஆச்சி கேட்டார்: "பேங்குல உனக்கு என்ன வேலைட்டி?" "ரிஸ்க் எவ்வளவுன்னு கணக்குப் போடுறது ஆச்சி." "ரிஸ்க்கா? யாருக்கு?"

பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு முதியவர் இயல்பாகக் கேட்டதை ஒரு துறையே கேட்கத் தவறியது எப்படி? விடையின் ஒரு பகுதி மொழியில் இருக்கிறது. தமிழில் துய்ப்பவர் இன்றித் துன்பத்தைச் சொல்வது கடினம். குழந்தைக்குப் பசி, அவருக்கு அச்சம், அவளுக்கு வலி என நான்காம் வேற்றுமை உருபு முன்னே வந்து நிற்கும். நன்னூல் அவ்வேற்றுமைக்குரிய பொருள்களைத் தொகுக்கும்போது கொடையையும் பகையையும் ஒன்றாகவே வைக்கிறது. நன்மையோ தீமையோ, போய்ச் சேரும் இடத்தைக் 'கு' உருபு காட்டிவிடும். பழந்தமிழில் 'இடர்' என்பதும் ஒருவருக்கு நேர்ந்த துன்பமே. இன்றைய கலைச்சொல்லில் அது நேரக்கூடிய இழப்பின் அளவாகிவிட்டது. 'இடர் உயர்ந்துள்ளது', 'இடர் மிதமானது' என்கிறோம். உயர்ந்தது யார் தலைமேல், மிதமானது யார் நோக்கில் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. சொல்லப்படாத அந்த இடத்தில் வங்கி தானே வந்து அமர்ந்துகொள்கிறது. மாதிரியில் இடர் என்றாலே வங்கிக்கு இடர்தான்.

அதே ஆண்டு மே 23 அன்று டோம்பிவிலி எம்.ஐ.டி.சி. பகுதியில் ஒரு வேதிப்பொருள் ஆலை வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; சுற்றுவட்டார வீடுகளின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. 2016 மே மாதத்திலும் அதே தொழிற்பேட்டை இத்தகைய வெடிப்பையும் உயிரிழப்பையும் கண்டிருக்கிறது. மாணவி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு மீண்டும் மீண்டும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பிரிவில் எழுந்த கேள்வி, அப்பகுதித் தொழில்களுக்கு அளித்த கடன்களின் பிணை மதிப்பு என்னாகும் என்பது. அது இரக்கமற்றவர்களின் கேள்வி அன்று. அந்த மேசைக்கு உரிய கேள்வி. ஆயினும் ஆலையின் சுவருக்கு அப்பால் குடியிருப்போருக்கு நேர்ந்த இடருக்கு அந்த அட்டவணையில் ஒரு நெடுவரிசைகூட இல்லை என்பதை மாணவி அன்று கண்டார். அவருடைய அறிக்கையில் அது இடம்பெறவில்லை. இடம்பெற வேண்டும் என்று எவரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

வங்கியின் தொழில் வங்கியைக் காப்பது, அதனால் வைப்பாளரும் காக்கப்படுகிறார் என்று மறுப்போர் உண்டு. அதில் உண்மை உண்டு. 1974இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி வீழ்ந்ததைத் தொடர்ந்தே பாசெல் குழு அமைந்தது. இழப்பைத் தாங்கும் மூலதனம் இல்லாத வங்கி வைப்பாளரையும் சேர்த்தே மூழ்கடிக்கும். ஆச்சி காலத்துச் சீட்டில் தவணை தவறினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனபோது அந்த அறிவு எவரையும் காக்கவில்லை. கணக்கு வேண்டும். கணக்கோடு கேள்வி நின்றுவிடக் கூடாது என்பதே வாதம்.

நின்றுவிட்டால் என்னாகும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாணவியின் விரைவு வண்டி நில்லாமல் கடக்கும் பாண்டுப்பில்தான் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் தலைமையகம் இருந்தது. தன் கடன்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு அளித்துவிட்டு, 21,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகளால் அவ்வங்கி அதை மறைத்து வைத்திருந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது ஒரு வைப்பாளர் எடுக்கக்கூடிய தொகை முதலில் ரூ.1,000 மட்டுமே. அன்றைய வைப்புக் காப்பீடு ஒரு லட்சம். 2020 பிப்ரவரியில்தான் அது ஐந்து லட்சமானது. 2022 ஜனவரியில் யூனிட்டி சிறுநிதி வங்கியோடு இணைக்கப்பட்டபோது, பெருந்தொகை வைத்திருந்தோருக்குப் பணம் பத்து ஆண்டு வரை படிப்படியாகத் திரும்பும் என்று திட்டம் வகுக்கப்பட்டது. எழுபது வயதில் ஓய்வூதியச் சேமிப்பை அங்கே வைத்தவருக்குப் பத்தாண்டு என்பதன் நிகழ்தகவை எந்த மாதிரி கணக்கிடும்? அவ்வங்கியிலும் இடரைப் பற்றிய படிவங்கள் இருந்திருக்கும். 'யாருக்கு' என்று விடாமல் கேட்கும் வாய்தான் இல்லாமற்போயிற்று.

அந்த வாயை உருவாக்குவது வங்கியின் கடமை அன்று, பல்கலைக்கழகத்தின் கடமை. தேசியக் கல்விக் கொள்கை 2020 உள்ளகப் பயிற்சியை வலியுறுத்திய பின், துறைகள் மாணவரை அனுப்பும் விரைவு கூடியிருக்கிறது. திரும்பி வந்தவரை விசாரிக்கும் பொறுமை கூடவில்லை. நிறுவனம் கற்பித்ததை நிறுவனத்தின் சொற்களிலேயே ஒப்பித்தால் அது பயிற்சி. அச்சொற்களை வெளியிலிருந்து சோதித்தால்தான் அது கல்வி. முதலாவதற்கு வங்கியே சான்றிதழ் தந்துவிட்டது. பல்கலைக்கழகம் எதற்குக் கிரெடிட் தருகிறது?

செய்ய வேண்டியவை மூன்று. ஒவ்வொரு பயிற்சி அறிக்கையிலும் ஓர் இயல், கணக்கிடப்பட்ட இடர் யாருடையது, கணக்கில் வராத இடர் யாருடையது என்று ஆராய வேண்டும். வங்கியின் மறைபொருள் எதையும் வெளியிடாமலே அதை எழுத முடியும். அவ்வியலை மையமாகக் கொண்டு வாய்மொழித் தேர்வு நடக்க வேண்டும். சான்றிதழைப் பார்த்துக் கையொப்பமிடுவது தேர்வு ஆகாது. மூன்றாவதாக, அறிக்கையின் சுருக்கம் ஒரு பக்கமேனும் மாணவரின் வீட்டு மொழியில், வீட்டில் உள்ளவர் படித்தறியும்படி அமைய வேண்டும். இது மொழிப்பற்றுக்காக மட்டும் அன்று. துய்ப்பவரைச் சொல்லாமல் துன்பத்தைச் சொல்ல விடாத மொழியில் எழுதும்போது, விடுபட்டது எது என்பது எழுதுபவருக்கே தெரிந்துவிடும்.

அந்த மாணவிக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. தகுதியான மதிப்பெண்தான்; அவருடைய கணக்கில் பிழை இல்லை. ஆச்சியின் கேள்விக்கு மட்டும் இன்னும் எவரும் மதிப்பெண் இடவில்லை.