கடலில் இடமறியும் கருவி: கரையிலேயே கற்போம்

காணியைப் பிரிந்து வந்த விவசாயக் குடும்பங்கள் பல கரையோரக் கிராமங்களில் தங்கள் வாழ்வை மீண்டும் தொடங்கியுள்ளன. உழுவதற்கு நிலம் இல்லாத இடத்தில் கடலே வயலாகின்றது. தந்தை இன்றும் மழையைப் பார்த்து விதைப்பைப் பற்றிப் பேசுகிறார். மகனோ சம்மாட்டியார் ஒருவரின் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறான். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கும் இவனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாடை எது, சோளகம் எது, கொண்டல் எப்போது திரும்பும், எந்த நட்சத்திரத்தைப் பிடித்துக் கரைக்கு வரலாம் என்பதெல்லாம் முன்னவனுக்குச் சிறு வயதிலேயே கிடைத்த முதுசம். விவசாயியின் பிள்ளைக்கு அந்த முதுசம் இல்லை. அவன் வரம்பைப் பார்த்து வயலை அறிந்தவன். கடலில் வரம்பு இல்லை.

ஆகவேதான் ஜி.பி.எஸ். என்னும் இடமறியும் கருவியைப் பற்றி எமது கிராமக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி பேசப்படுகின்றது. அதை வாங்கலாமா, கணனியுடன் இணைக்கலாமா, இணைத்தால் வரைபடத்தில் படகு ஓடுவதைப் பார்க்கலாமாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம், இணைக்கலாம், பார்க்கலாம். ஆனால் கடலுக்குப் புதியவனுக்கு இக்கருவி எவ்வளவு தேவையோ அவ்வளவு ஆபத்தும் கொண்டது என்பதே எனது கருத்து. கருவி பிழை சொல்லும்போது அதைப் பிழை என்று கண்டுபிடிக்கும் பழைய அறிவு அவனிடம் இல்லை. ஆதலால் அக்கருவியைக் கடலில் வைத்துப் பழகக்கூடாது. கரையில், சங்கமாகக் கூடியிருந்து கற்க வேண்டும்.

முதலில் இக்கருவி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறிந்துகொள்வோம். அமெரிக்கா தனது இராணுவத் தேவைக்காக இத்திட்டத்தின் முதற் செய்மதியை 1978இல் ஏவியது. 1995இல் 24 செய்மதிகளுடன் திட்டம் முழுமை பெற்றது. அவை பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் தனது இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். எமது கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு செய்மதிகளின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, தான் இருக்கும் இடத்தைக் கண்டறிகின்றது. நேரக் கணக்கில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடத்தில் 300 மீற்றர் பிழைத்துவிடும். அவ்வளவு நுட்பமான கணக்கு இது. பொதுமக்களுக்கான அறிவிப்பில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்ட பின்னர், சாதாரண கருவியும் திறந்த வெளியில் சில மீற்றர்களுக்குள் இடத்தைச் சொல்லுகின்றது.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். இக்கருவி கேட்கும், பேசாது. நாம் எங்கே இருக்கிறோம் என்பது செய்மதிக்குத் தெரியாது. இயந்திரம் நின்று படகு இழுபட்டுப் போனால், "செய்மதி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்" என்று நம்பியிருப்பது வீண். கருவியிலுள்ள எண்களை வானொலியில் அல்லது தொலைபேசியில் நாமே கரைக்கு அறிவிக்க வேண்டும். கடலில் அவசர அழைப்புக்கென ஒதுக்கப்பட்ட வி.எச்.எவ். வானொலியின் 16ஆம் அலைவரிசையைப் படகிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

இனிக் கணனியுடன் இணைக்கும் விடயத்திற்கு வருவோம். மடிக்கணனிகள் பெரும்பாலானவற்றில் இடமறியும் பகுதி இல்லை. ஆகவே தீப்பெட்டி அளவிலான ஒரு தனிக் கருவியைப் புளூடூத் எனப்படும் கம்பியில்லாத் தொடர்பின் மூலம் இணைக்கிறார்கள். இத்தொடர்பு வழக்கமாகப் பத்து மீற்றர் தூரத்துக்குள் வேலை செய்யும். இணைக்கும் ஒழுங்கு கடினமானதல்ல. கருவியை வானம் தெரியும் இடத்தில் வைத்து இயக்குங்கள். நெடுநாள் பயன்படுத்தாதிருந்தால் முதல் முறை இடத்தைக் கண்டறியப் பல நிமிடங்கள் எடுக்கும், பொறுமை வேண்டும். பின்னர் கணனியின் புளூடூத் பகுதியில் கருவியின் பெயரைத் தேடி இணையுங்கள். இரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234 ஆக இருக்கும். இணைந்ததும் விண்டோஸ் கணனி அதற்கு "கொம்" என்ற பெயரில் ஒரு வாயில் இலக்கத்தைக் கொடுக்கும். உள்வரும் வாயில், வெளிச்செல்லும் வாயில் என இரண்டு காட்டினால் வெளிச்செல்லும் வாயிலின் இலக்கத்தையே குறித்துக்கொள்ளுங்கள். கடல் வரைபட மென்பொருளில் அந்த இலக்கத்தைக் கொடுத்தால் படகின் அடையாளம் வரைபடத்தில் தோன்றும். ஓப்பன் சி.பி.என். என்னும் மென்பொருள் இதற்கென இலவசமாகக் கிடைக்கின்றது. ஒரு வாயிலை வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே பயன்படுத்த முடியும். "வாயில் திறக்கவில்லை" என்று கணனி முறையிட்டால், வேறொரு மென்பொருள் அதைப் பிடித்துவைத்திருக்கின்றதா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவையும் ஓர் இளைஞன் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வான். ஆனால் இணைப்பது வேறு, நம்புவது வேறு. நம்புமுன் அறிந்திருக்க வேண்டிய மூன்று பிழைகள் உண்டு.

முதலாவது, உறைந்துபோன இடம். கருவியின் மின்கலம் தீர்ந்துபோகலாம். கம்பியில்லாத் தொடர்பு அறுந்துபோகலாம். அப்போது படகு ஓடிக்கொண்டிருக்கும். கணனித் திரையிலோ கடைசியாக அறிந்த இடம் அப்படியே நிற்கக்கூடும். இது கற்பனை ஆபத்தன்று. 1995ஆம் ஆண்டு யூன் மாதம் 1,500 பேருக்கு மேற்பட்டோருடன் பெர்முடாவிலிருந்து பொஸ்ரனுக்குப் புறப்பட்ட "றோயல் மெஜஸ்டி" என்ற பயணிகள் கப்பலில், ஜி.பி.எஸ். கருவியின் அன்ரெனாக் கம்பி கழன்றுவிட்டது. கருவி செய்மதியைக் கேட்பதை விட்டு, வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தை ஊகிக்கத் தொடங்கியது. அதைக் காட்டும் சிறிய எழுத்துக்களை எவரும் கவனிக்கவில்லை. கப்பலைத் தானே செலுத்திய இயந்திரமும் அந்த மாற்றத்தை அறியவில்லை. கப்பலில் வேறொரு வழிகாட்டுக் கருவியும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாரில்லை. ஏறக்குறைய ஒன்றரை நாளின் பின்னர், தாங்கள் இருப்பதாக நினைத்த இடத்திலிருந்து 17 மைல் விலகி, நன்டக்கெற் தீவருகே அக்கப்பல் மணற்திட்டில் ஏறியது. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. பயிற்சி பெற்ற மாலுமிகளுக்கே இது நேர்ந்தது என்றால் எமது பிள்ளைகளுக்கு நேராதா?

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கருவி கணனிக்கு அனுப்புவது வெறும் எழுத்து வரிகளே. அதற்கு என்.எம்.ஈ.ஏ. 0183 என்று பெயர். ஒவ்வொரு வரியும் டொலர்க் குறியுடன் தொடங்கும். ஆர்.எம்.சி. என்ற வரியில் நேரத்தை அடுத்து "ஏ" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இடம் நம்பத்தக்கது. "வி" இருந்தால் நம்பாதே என்று பொருள். அவ்வரியிலுள்ள நேரம் உலகப் பொது நேரம். எமது நேரத்திற்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. அந்த நேரம் ஓடாமல் நின்றுவிட்டால் இடமும் நின்றுவிட்டது என்று கொள்ளுங்கள். இந்த வரிகளைத் திரையில் காட்டும் வசதி வரைபட மென்பொருளிலேயே உண்டு. இணைக்கக் கற்பிக்கும் எவரும் இதையும் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணை வாசிப்பதில் வரும் பிழை. விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் பரப்பு என்று எழுதியிருப்பதை ஏக்கர் என்று வாசித்தால் என்ன நடக்கும்? கடலிலும் அப்படியே. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர். சில கருவிகள் கலையின் தசமப் பங்கைக் காட்டும். சில விகலையைக் காட்டும். சில பாகையின் தசமப் பங்கைக் காட்டும்.

பாக்கு நீரிணைப் பகுதியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடல் எல்லை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆறு புள்ளிகளால் குறிக்கப்பட்டது. அவற்றுள் மூன்றாவது புள்ளி வடக்கு 9 பாகை 40.15 கலை, கிழக்கு 79 பாகை 22.60 கலை. இங்கே .60 என்பது 60 விகலை அன்று, 36 விகலை. இதைப் பிழையாக வாசிப்பவன் கிழக்கே 700 மீற்றருக்கு மேல் விலகுவான். அதையே 79.2260 பாகை என்று கருவியில் பதிபவன் மேற்கே 16 கிலோமீற்றருக்கு மேல் விலகி, மறுநாட்டுக் கடலில் நிற்பான். எல்லை கடந்தார் என்ற குற்றச்சாட்டில் இரு கரைகளிலும் மீனவர்கள் கைதான செய்திகளை நாம் நீண்ட காலமாகக் கேட்டு வருகிறோம். படகையும் வலையையும் கடன்பட்டு வாங்கிய குடும்பத்துக்கு, ஒரு புள்ளியைப் பிழையாக வாசித்ததன் விலை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, வரைபடத்தின் பிழை. செய்மதிகள் இடத்தைச் சொல்வது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் உலக அளவைப்படி. எமது நாட்டின் பழைய நில அளவை வரைபடங்கள் கந்தவளையை ஆதாரமாகக் கொண்ட வேறொரு அளவைப்படி வரையப்பட்டவை. பழைய படத்தை மின்பிரதி எடுத்துக் கணனியில் இட்டு, அதன்மேல் படகை ஓடவிட்டால் இடம் நூறு மீற்றருக்கு மேலும் விலகித் தெரியலாம். எண் சரி, படம் பிழை. படத்தின் ஓரத்தில் எந்த அளவை என்று எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எந்தப் படத்தையும் நம்ப வேண்டாம். மேலும், மணற்திட்டுகள் இடம் மாறுகின்ற ஆழமற்ற கடல் எமது கடல். பிறர் விரித்த வலையையும் எந்தப் படமும் காட்டாது. அதற்குக் கண்தான் வேண்டும்.

"எங்கள் அப்பு காலத்தில் கருவியா இருந்தது?" என்று கேட்கும் மூத்த மீனவர்களின் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களுடைய அறிவு எல்லாக் குடும்பங்களுக்கும் கைமாறவில்லை. யுத்தமும் இடப்பெயர்வும் நீடித்த ஆண்டுகளில் பல கிராமங்களில் ஒரு தலைமுறை கடலுக்கே போகாமல் வளர்ந்துவிட்டது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் படகுகளிலே தீவுக்குத் திரும்பினார்கள். இடையே சென்றது 26 ஆண்டுகள். அக்காலத்தில் பிறந்த பிள்ளைக்குக் கருவி வேண்டாம் என்று கூறுவது பொருத்தமன்று.

"கைத்தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கிறதே" என்று கூறும் இளைஞர்களின் பேச்சிலும் உண்மை உண்டு. தொலைபேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும் அதனுள் இருக்கும் ஜி.பி.எஸ். வேலை செய்யும்; படத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருந்தாற் போதும். சொல்லப்போனால் 18 அடித் திறந்த படகில் மடிக்கணனியைக் கொண்டுபோவது பணத்தைக் கடலில் எறிவதற்குச் சமம். ஓர் அலைத் தூவலும் உப்புக் காற்றும் அதற்குப் போதும். சுக்கான் அறையும் நிலையான மின்சாரமும் உள்ள பெரிய பலநாட் படகுக்கே அது பொருந்தும். சிறிய படகுக்கு நீர்புகாத உறையில் இட்ட தொலைபேசியோ நீர்புகாத கைக்கருவியோ போதுமானது.

அப்படியானால் கணனி எங்கே வேண்டும்? கரையில் வேண்டும். ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்திலும் ஒரு பழைய மடிக்கணனியும் ஒரு கம்பியில்லா ஜி.பி.எஸ். கருவியும் இருந்தால், அதுவே ஒரு பள்ளிக்கூடம். கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கரை வழியே நடந்து, திரையில் இடம் மாறுவதைப் பார்க்கலாம். கருவியை வேண்டுமென்றே நிறுத்தி, திரை எவ்வாறு உறைகின்றது என்று காட்டலாம். மூத்த மீனவர் ஒருவர் பாரும் மணற்திட்டும் இருக்கும் இடங்களைச் சொல்ல, இளைஞன் அவற்றைப் படத்தில் பதியலாம். எல்லைப் புள்ளிகள் ஆறையும் ஒருவர் வாசிக்க, ஒருவர் பதிய, மூன்றாமவர் சரிபார்த்த பின்னரே அவை படகுகளுக்குப் போக வேண்டும். காணி அளக்கும்போது இரு பக்கத்துக் காணிக்காரரும் நிற்க வேண்டும் என்ற எமது பழைய வழக்கத்தின் ஞாயமும் அதுதானே.

சங்கங்கள் மூன்று ஒழுங்குகளை வைத்துக்கொள்ளலாம் என்பது எனது பரிந்துரை. ஒன்று, எந்தப் படகும் ஒரே ஒரு கருவியை நம்பிப் போகக்கூடாது. சாதாரண திசைகாட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அதற்கு மின்கலம் தேவையில்லை. இரண்டு, கரையை விட்டுப் புறப்படுமுன் கருவியை இயக்கி, தெரிந்த ஓர் இடத்தில், உதாரணமாக இறங்குதுறையில், அது சரியாகச் சொல்லுகின்றதா என்று பார்க்க வேண்டும். மூன்று, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒன்றுகூடும் மனமே தேவை. கருவி வாங்க உதவி கேட்டு வருகின்ற குடும்பங்களிடம் எனது வேண்டுகோள் இதுவே: தனித்தனியாக வாங்குமுன் சங்கமாக ஒன்றை வாங்குங்கள். உங்கள் பிள்ளை அந்த எண்களைப் பிழையின்றி வாசிக்கவும், "வி" என்ற எழுத்தைக் கண்டால் திசைகாட்டிக்குத் திரும்பவும் கற்ற பின்னர் அவன் கையில் கருவியைக் கொடுத்து அனுப்புங்கள்.