வயர் யார் கையில்? ஜான் மலோன் கற்றுத்தரும் கேபிள் கணக்கு

அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியா நிறுவனத் தலைவர் பொறுப்பிலிருந்து ஜான் மலோன் விலகுகிறார் என்ற அறிவிப்பு 2025 அக்டோபரில் வந்தது. அப்போது அவருக்கு வயது 84. நம்மூரில் பலருக்கும் இந்தப் பெயர் பரிச்சயமில்லை. ஆனால் டிஸ்கவரி சேனல் பார்த்து வளர்ந்தவர்கள், ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காகத் தூக்கம் கெடுப்பவர்கள், பங்குச் சந்தைச் செய்திகளில் ‘இபிட்டா’ என்ற சொல்லைப் பார்த்தவர்கள் எல்லோருமே இவர் கை பட்ட ஏதோ ஒன்றைக் கடந்து வந்தவர்கள்தான்.

முதலீட்டாளர்களுக்கு அவர் ‘கேபிள் கவ்பாய்’. செனட்டராக இருந்தபோது அல் கோர் அவருக்கு வைத்த பெயர் ‘டார்த் வேடர்’; ஸ்டார் வார்ஸ் படத்தின் வில்லன். ஒரே மனிதருக்கு எப்படி இந்த இரண்டு பெயர்களும் பொருந்தின? ஓடிடி சந்தாக்களுக்கு மாதாமாதம் பணம் கட்டும் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

மாடு விற்றுப் போட்ட வயர்

அமெரிக்காவில் கேபிள் டிவி 1940களின் இறுதியில் பிறந்தது. மலை மறைப்பதாலோ தூரம் அதிகம் என்பதாலோ சில ஊர்களில் டிவி சிக்னல் கிடைக்காது. உயரமான இடத்தில் ஒரு ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்கு வயர் இழுத்துக் காசு வாங்கினார்கள். அவ்வளவுதான் தொழில்.

டெக்சாஸில் பாப் மேக்னஸ் என்பவர் 1956இல் தன் மாடுகளை விற்று இப்படி ஒரு கேபிள் இணைப்பைத் தொடங்கினார். அது பின்னாளில் டென்வர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘டிசிஐ’ நிறுவனமாக வளர்ந்தது. கூடவே கடனும் வளர்ந்தது.

அந்தக் கடன்கார நிறுவனத்தை நடத்த 1973இல் மேக்னஸ் அழைத்து வந்தவர்தான் மலோன். வயது 32. யேல் பல்கலைக்கழகப் பட்டம், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம், பெல் ஆய்வகம், மெக்கின்சி ஆலோசனை நிறுவனம், பிறகு கேபிள் கருவிகள் தயாரிக்கும் ஜெரால்டு என வந்தவர். கணக்கும் தெரியும், கருவியும் தெரியும்.

வந்த வருடமே அவர் பாணி வெளியே தெரிந்தது. கொலராடோவின் வெயில் நகர நிர்வாகத்துடன் தகராறு. டிசிஐ நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, மேயர் பெயரையும் நகர மேலாளர் பெயரையும் அவர்களின் வீட்டு ஃபோன் எண்களோடு திரையில் ஓடவிட்டது. டிவி பார்க்க முடியாத கோபத்தில் மக்கள் யாருக்கு ஃபோன் போட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நகரம் இறங்கி வந்தது. வயர் யாரிடம் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் சட்டம் என்பதை அந்த ஊர் அன்று தெரிந்துகொண்டது.

லாபமே காட்டாத வியாபாரம்

சரி, ‘இபிட்டா’ கதைக்கு வருவோம். வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிப்பதற்கு முன் ஒரு தொழில் ஈட்டும் பணம்தான் இபிட்டா. வால் ஸ்ட்ரீட்டில் இந்தச் சொல்லைப் பரப்பியதில் பெரும் பங்கு மலோனுக்கு உண்டு.

ஒரு எளிய கணக்கு. ஒரு கேபிள் நிறுவனத்துக்கு வருமானம் 100 ரூபாய். சேனல் கட்டணம், சம்பளம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 60 போகிறது. மீதி 40. இதுதான் இபிட்டா. அதில் கடனுக்கு வட்டி 20. ஏற்கெனவே போட்ட வயரின் தேய்மானம் என்று 25 ரூபாயைக் கணக்கில் கழிக்கிறார்கள். இப்போது 5 ரூபாய் நஷ்டம். நஷ்டத்துக்கு வருமான வரி கிடையாது.

ஆனால் தேய்மானம் என்பது இந்த வருடம் பையிலிருந்து போகும் காசு அல்ல. வட்டி கட்டிய பிறகும் 20 ரூபாய் கையில் நிற்கிறது. அதை வைத்துப் பக்கத்து ஊர் கேபிள்காரரை வாங்கலாம். சந்தாதாரர் கூடினால் சேனல்களிடம் பேரம் பேசும் பலம் கூடும். ஒரு வீட்டுக்கான செலவு குறையும். மீண்டும் கடன், மீண்டும் ஒரு நிறுவனம்.

இதைத்தான் 25 வருடம் செய்தார் மலோன். அவர் பொறுப்பேற்ற 1973இல் டிசிஐ பங்கில் போட்ட ஒரு டாலர், நிறுவனத்தை விற்க முடிவான 1998இல் 900 டாலருக்கும் மேல் ஆகியிருந்தது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வயர் நிஜமாகவே தேயும். ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். தேவைக்கு மேல் ஒரு காசும் வயரில் போடாத டிசிஐயின் சேவை மோசம் என்று பல ஊர்களில் வாடிக்கையாளர்கள் குமுறினார்கள். ஒரு நிறுவனம் இபிட்டாவை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினால், தேய்மானம் எங்கே என்று இன்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

வாசலில் நின்றவருக்கும் பங்கு

வயரில் போகும் நிகழ்ச்சிகளிலும் அவருக்குப் பங்கு வேண்டியிருந்தது. கறுப்பின மக்களுக்காக ஒரு சேனல் என்ற யோசனையோடு ராபர்ட் ஜான்சன் 1979இல் வந்தபோது, பங்காகவும் கடனாகவும் 5 லட்சம் டாலர் கொடுத்தார். அதுதான் பெட் சேனல். இருபது வருடம் கழித்து வயாகாம் அதைச் சுமார் 300 கோடி டாலருக்கு வாங்கியது.

1985இல் தொடங்கிய டிஸ்கவரி அடுத்த வருடமே பணமில்லாமல் தடுமாறியபோது, டிசிஐயும் வேறு சில கேபிள் நிறுவனங்களும் கைகொடுத்தன. சிஎன்என் நிறுவனர் டெட் டர்னர் கடனில் சிக்கிய 1987இலும் இதே கதை. கேபிள் நிறுவனங்கள் சேர்ந்து 50 கோடி டாலருக்கும் மேல் போட்டன.

இந்தச் சேனல்கள் பிழைத்தது பார்வையாளர்களுக்கு நல்லதுதான். ஆனால் சேனலை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவரே அந்தச் சேனலின் பங்குதாரராகவும் இருந்தால், பங்கு கொடுக்க மறுக்கும் புதியவர் எந்த வாசலைத் தட்டுவார்? விமர்சகர்கள் கேட்ட இந்தக் கேள்விக்குக் கடைசிவரை திருப்தியான பதில் வரவில்லை.

‘வேண்டாம்’ என்று சொல்லாவிட்டால் காசு

1984இல் வந்த சட்டம் கேபிள் கட்டணக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. பெரும்பாலான ஊர்களில் இருந்ததோ ஒரே ஒரு கேபிள் நிறுவனம். கட்டணம் விலைவாசியைவிட வேகமாக ஏறியது.

1991இல் டிசிஐ ‘என்கோர்’ என்ற சினிமா சேனலைக் கொண்டுவந்தது. வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டாம். எல்லோர் வீட்டுக்கும் வந்துவிடும். வேண்டாம் என்று சொல்லாதவர்களின் பில்லில் கட்டணம் ஏறும். இதுதான் திட்டம். பல மாநில அரசுகளின் தலைமை வழக்கறிஞர்கள் எதிர்த்துக் கிளம்ப, டிசிஐ பின்வாங்கியது.

அடுத்த வருடமே, 1992இல், நாடாளுமன்றம் புதிய கேபிள் சட்டத்தை நிறைவேற்றியது. கட்டணத்துக்கு மீண்டும் கடிவாளம். கேட்காத சேவைக்குக் காசு வசூலிக்கத் தடை. அதிபர் ஜார்ஜ் புஷ் (சீனியர்) தன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியும் நாடாளுமன்றம் அதை மீறிச் சட்டமாக்கியது. அவர் பதவிக்காலத்தில் இப்படி முறியடிக்கப்பட்ட ஒரே ரத்து அதுதான். பில்லைப் பார்த்து எரிந்த மக்களின் கோபம் அத்தனை வலுவாக இருந்தது.

500 சேனல் கனவும் சரியான நேரத்து விற்பனையும்

அதே 1992 டிசம்பரில் மலோன் இன்னொரு அறிவிப்பு செய்தார். சிக்னலை டிஜிட்டலாகச் சுருக்கினால், பழைய வயரிலேயே 500 சேனல் தரலாம். ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் செட்டாப் பாக்ஸ் வீடுகளுக்கு வந்து சேரப் பல வருடம் பிடித்தது. 1993இல் பெல் அட்லான்டிக் ஃபோன் நிறுவனத்துடன் இணையப் போட்ட ஒப்பந்தமும் சில மாதங்களில் முறிந்தது.

இருந்தாலும் அடிப்படை யோசனை சரிதான். டிவிக்காகப் போட்ட வயரில் இன்டர்நெட்டும் போகும். அந்த நம்பிக்கையில்தான் 1998இல் ஏடி அண்டு டி, கடனையும் சேர்த்துச் சுமார் 4,800 கோடி டாலருக்கு டிசிஐயை வாங்க ஒப்புக்கொண்டது. வயரை மேம்படுத்தும் பெருஞ்செலவு வாங்கியவர் தலையில் விழுந்தது. நாலே வருடத்தில் அந்தத் தொழில் காம்காஸ்ட் கைக்குப் போனது. நிகழ்ச்சி, சேனல் பங்குகளை வைத்திருந்த லிபர்ட்டி மட்டும் மலோன் பிடியிலேயே இருந்தது. ஃபார்முலா ஒன்னை 2017இல் வாங்கியது இந்த லிபர்ட்டிதான்.

சுங்கச்சாவடி இடம் மாறியிருக்கிறது

மலோன் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. நிதி படிக்கும் மாணவர்கள் அவர் கணக்கைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலீட்டாளருக்குக் கிடைத்த 900 மடங்கை மட்டும் வைத்து அவர் வாழ்க்கையை எடைபோட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்த லாபத்தில் ஒரு பகுதி, வேறு வழியில்லாத வீடுகளிலிருந்து வந்தது. அதனால்தான் மாற்று வழி வந்ததும் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் கேபிள் டிவியை வெட்டிவிட்டு ஓடிடிக்குப் போனார்கள்.

போன இடத்தில் என்ன நடக்கிறது? மறுபடியும் ஒரே கட்டணத்தில் பல சேவை என்ற தொகுப்பு. மறுபடியும் வருடா வருடம் ஏறும் சந்தா. சேனலை உள்ளே விடலாமா என்று அன்று கேபிள்காரர் முடிவு செய்தார். இன்று எந்த ஆப் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று ஸ்மார்ட் டிவியின் முகப்பும் ஆப் ஸ்டோரும் முடிவு செய்கின்றன. ‘ஒரு மாதம் ஓசி’ என்று அழைத்து, ரத்து செய்ய மறந்தவர் கணக்கில் கைவைப்பது 1991இன் என்கோர் திட்டத்துக்கு நெருங்கிய உறவு. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாத தந்திரங்களைத் தடை செய்திருக்கின்றன.

விதி இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 1992 சட்டம் வந்ததற்குக் காரணம், பில்லைப் படித்துப் பார்த்துப் புகார் செய்த சாதாரண வாடிக்கையாளர்கள்தான். இந்த மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டில் எத்தனை ஆட்டோ-டெபிட் இருக்கிறது, அதில் எத்தனை உண்மையில் கேட்டு வாங்கியது என்று எண்ணிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கேட்காமல் வந்தது ஒன்று இருந்தாலும் ரத்து செய்யுங்கள். ரத்து செய்யும் பட்டன் எளிதில் கிடைக்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.