பழைய டீசல் லாரியின் கொதிப்பும் நம் கிணற்று நீரும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாட்காலை, பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், கரும்பு ஏற்றிய பழைய டீசல் லாரியொன்று ஓரமாக நிற்கக் கண்டேன். விசாரித்ததில், என்ஜின் கொதித்து முந்தின நாள் மாலை முதல் அங்கேயே நிற்பதாகத் தெரிந்தது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் அரைத்தல் நலமென்பதை மிராசுதாரர்கள் அறிவார்கள். தாமதித்தால் எடை குறைவதன்றி, சாற்றிலுள்ள சர்க்கரையும் பிரிந்து கெடுகின்றது. ஆகவே லாரியின் கொதிப்பினால் வரும் நஷ்டம் லாரிக்காரரோடு நிற்பதன்று.

பட்டறையிலிருந்து வந்தவர் சொன்ன வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இது நம் பக்கங்களில் வேரூன்றிவிட்ட தவறான வழக்கமென்பது என் அபிப்பிராயம். அந்தச் சிறு வால்வு ஏறக்குறைய 80 டிகிரி உஷ்ணத்தில் திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்புகின்றது. அது இல்லாவிடில் வெறும் வண்டி ஓடுங்கால் என்ஜின் போதிய சூடேறாமல் டீசல் வீணாகும், சிலிண்டரும் தேயும். சில என்ஜின்களிலோ, நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக் கொதிப்பை அதிகப்படுத்தும். ஐயமிருந்தால் அதைக் கழற்றி, அடுப்பிலேற்றிய பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். நீர் கொதித்தும் திறவாததே பழுதுபட்டது.

என்ஜின் நன்றாய் ஆறியிருந்தமையால் ரேடியேட்டரின் வாயுள் நோக்கினேன். குழாய்களின் முகப்பில், வெந்நீர் அண்டாவின் அடியிற் படிவது போன்ற வெண்காறை படிந்திருந்தது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. நாள்தோறும் பத்து லிட்டர் வரை, வழியிலுள்ள பம்புசெட்டுகளிற் பிடித்து ஊற்றுவதாக டிரைவர் கூறினார்.

நோயின் மூலம் இங்கேதான் உள்ளது. நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாதிருக்கும். ரப்பர் கெட்டபின் நீர் எளிதில் ஆவியாய்ப் போகும், சுண்ணாம்போ உள்ளே தங்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினமுள்ள நீரெனக் கொண்டால், பத்து லிட்டரில் 5 கிராம். 150 நாள் பருவத்தில் முக்கால் கிலோ. அதில் ஒரு பகுதி படிந்தாலும் மெல்லிய குழாய்கள் அடைபடப் போதும். குழாய் அடைபட அடைபடக் கொதிப்பு மிகும், கொதிப்பு மிக மிக நீர் ஊற்றுவதும் மிகும்.

காரணம் எப்போதும் இதுவேயென்று சாதிக்க மாட்டேன். கரும்புச் சோகையும் புழுதியும் ரேடியேட்டரின் தகடுகளை வெளியே அடைத்திருக்கலாம்; விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கலாம். மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தவுடன், சூடேறுமுன்னரே, நீரில் குமிழிகள் விடாமல் எழும்பினால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். சற்று ஓடி நிறுத்தியபின் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கையில் இடையிடையே குளிர்ந்திருந்தால் குழாயடைப்பென்று கொள்ளலாம்.

அறவைப் பருவத்திற்குச் சற்று முன்னதாக, ஐப்பசி கார்த்திகையில், நமக்கு மழை கிடைக்கின்றது. முதல் மழையில் மாடி கழுவுண்டபின் இரண்டு பீப்பாய் நீர் பிடித்து மூடிவைப்பது லாரியுடையார் எவர்க்கும் இயலும். மழைநீர் தனியே இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், கூலண்டைச் சொல்லிய அளவில் கலந்தே ஊற்றல் வேண்டும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடித்துவிடும். சூட்டில் மூடியைத் திறப்போர் முகம் வெந்துபோகும்.

மேற்படி லாரி மறுநாள் இழுத்துச் செல்லப்பட்டது. கரும்பை வேறு வண்டிக்கு மாற்றியதற்கான கூலியைக் கரும்புக்காரரே கொடுத்தார்.