சிசுவின் இரத்தத்திலுள்ள உப்பு



பிறந்த சிசுவைக் கழுவி, உப்பால் தேய்த்துத் துணியில் சுற்றும் பழைய வழக்கத்தை எசேக்கியேல் தீர்க்கதரிசி 16-ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். அது தோலின்மேல் இடப்பட்ட உப்பு. சிசுவின் இரத்தத்துக்குள் தேவன் வைத்திருக்கும் உப்புகளை இவ்வாரம் தியானிப்போம்.

பிரசவ வேளையில் மூச்சுத் திணறி, மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் குளிரூட்டும் சிகிச்சை ஒன்றுண்டு. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை ஏறத்தாழ 33.5 டிகிரி செல்சியஸுக்குத் தாழ்த்தி, 72 மணி நேரம் வைத்திருந்து, பின்பு மெல்ல மெல்ல வெப்பமேற்றுவார்கள். மேலைநாடுகளில் இது பல பிள்ளைகளைக் காத்திருக்கிறது.

ஆனால் அந்தக் குளிர் இரத்தத்தின் தாதுக்களையும் அசைக்கிறது. பொட்டாசியம் இரத்தத்தை விட்டு உயிரணுக்களுக்குள் செல்கிறது, வெப்பமேற்றும்போது திரும்புகிறது. குறைந்ததென்று அவசரப்பட்டு அதிகம் ஏற்றினால், பின்பு அது மிகுந்து இருதயத்துடிப்பே தடுமாறக்கூடும். மூச்சுத்திணறலால் சிறுநீரகம் சோர்ந்திருக்கையில் சோடியமும் குறையலாம். கால்சியமோ மக்னீசியமோ குறைந்தால் வலிப்பு வரலாம். ஆகவே சொட்டு சொட்டாய் இரத்தமெடுத்து, மறுபடியும் மறுபடியும் அளந்து பார்க்கிறார்கள்.

இன்னொரு செய்தியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளைக் கொண்டு ஹெலிக்ஸ் என்னும் ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் பங்குபெற்றது. 2021-இல் வெளியான அதன் முடிவு துக்கமானது: குளிரூட்டப்பட்டவர்களில் 42 சதவீதத்தினரும், குளிரூட்டப்படாதவர்களில் 31 சதவீதத்தினரும் மரித்தார்கள். இதன் காரணத்தை மருத்துவர்கள் இன்னும் ஆராய்கிறார்கள். ஓரிடத்தில் உயிர்காத்தது வேறிடத்திலும் அப்படியே காக்கும் என்று எண்ணுவது போதாது, சோதித்தறிய வேண்டும்.

எனவே, என் கருத்தைத் தாழ்மையோடு சொல்கிறேன். "பெரிய சிகிச்சையை ஏன் கொடுக்கவில்லை?" என்று மருத்துவரைக் கடிந்துகொள்ளுமுன் பொறுமையாய்க் கேளுங்கள், செய்யாமல் நிறுத்துவதும் சில வேளைகளில் அன்பே. மருத்துவர் சொல்லாமல் ஒருவரும் குழந்தையைக் குளிர்விக்கத் துணிய வேண்டாம். க.விலக்கு அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் செல்லும்போது, உடன்வரும் செவிலியர் சொல்லுக்குக் கீழ்ப்படியுங்கள். மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளையின் தாயைப் பார்த்து, "என்ன பாவம் செய்தாளோ" என்று சபையில் ஒருவரும் பேசலாகாது.

அளந்து பார்ப்பது அவிசுவாசம் என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. படைப்பில் ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்தவர் நம் தேவன். அந்த அளவை நள்ளிரவில் விழித்திருந்து காக்கும் செவிலியரின் கை, ஜெபிக்கிற கைக்குக் குறைந்ததன்று. இயந்திரங்கள் வாங்கக் காணிக்கை கொடுக்க மனமுள்ளோர் பலர். விழித்திருக்கும் அந்தக் கைகளுக்காக ஜெபிப்பவர் சிலரே. இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அவர்களையும் நினைவுகூருங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.