பல்லி இல்லை, சார்!

வாலாஜாபாத்காரனுக்குப் பல்லி என்றால் காஞ்சிபுரம்தான் ஞாபகம் வரும். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வந்தால் பல்லி விழுந்த தோஷம் போச்சு என்பார்கள். ஜூலையில் எல்.டி.சி.யில் டார்ஜிலிங் போய் வந்த நான், செங்கல்பட்டு ரயிலில் செல்போனை நீட்டிப் போட்டோ காட்டியதும் எதிர் சீட் நண்பர் கேட்டார்: "இது தலையில விழுந்தா என்ன பலன் சார்?"

விழாது. இதற்குச் சுவர் ஏற வராது. தவிர, இது பல்லியே இல்லை, சாலமாண்டர். தவளைக்குச் சொந்தம், ஆனால் பெரியவனான பிறகும் வாலை விடாத சொந்தம். பல்லிக்குச் செதில் உண்டு, நகம் உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது. ஈரத் தோல், முதுகின் இரு பக்கமும் வரிசையாகக் கொப்புளம் மாதிரி மேடுகள். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. இந்தியாவில் கிழக்கு இமயமலை, வடகிழக்கு மாநிலங்கள் தவிர வேறெங்கும் கிடையாது. நம் ஊட்டிக் குளிரையெல்லாம் இது மதிக்கவே இல்லை.

1871-ல் ஜான் ஆண்டர்சன் சீனாவின் யுன்னானில் கண்டு பெயர் வைத்த இனத்தின் கணக்கிலேயே இதையும் எழுதி வைத்திருந்தார்கள். 2015-ல்தான் 'ஹிமாலயானஸ்' என்று தனிப் பெயர் கிடைத்தது. 144 வருஷம்! நம் ஆபீஸ் கன்ஃபர்மேஷன் ஆர்டர் எவ்வளவோ தேவலை.

குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கடியில் தூக்கம். மழை பிடித்ததும் குளத்தைத் தேடி நடை. தவளை மாதிரி கச்சேரி வைத்துப் பெண் தேடுகிற வழக்கமில்லை, சத்தமில்லாமல் கல்யாணம். தண்ணீர்ச் செடிகளில் முட்டை. குஞ்சுக்குக் கழுத்தோரம் இறகு மாதிரி செவுள். அது சுருங்கி நுரையீரல் வந்ததும் கரையேறிவிடும். ஆக, காடு வேண்டும், குளமும் வேண்டும். ஒன்று போனாலும் ஆட்டம் க்ளோஸ்.

டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில் சுமார் 7,400 அடி உயரத்தில் ஜோர்போக்ரி. 'இரட்டைக் குளம்' என்று அர்த்தம். 1985-ல் இதற்காகவே சரணாலயம் வைத்தார்கள். மொத்தம் பத்து ஏக்கர்தான். வம்பு அதற்கு வெளியே. தேயிலைத் தோட்டத்து ஓரக் குட்டையைத் தூர்த்து வீடு கட்டுகிறார்கள். தூர்க்காத குட்டையில் மீன் விடுகிறார்கள். மீனுக்குக் குஞ்சுகள் டிபன்.

நண்பர் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே, வற்றிய ஏரிக்குள் வரிசையாக நட்டிருந்த மனைக் கற்களைப் பார்த்தார். அதில் ஒரு கிரவுண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்.

"இங்க வெறும் தவளைதானே சார்?" என்றார்.