சட்டியைக் கேட்கிறார்களா, ஜாதியைக் கேட்கிறார்களா?

சென்னைப் பட்டணத்தில் இன்றைய தினம் சொந்தச் சம்பாத்தியத்தில் ஜீவிக்கும் ஒரு வாலிபப் பெண் வாடகைக்கு வீடு தேடிப் போனால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது வாடகை கொடுக்கும் சக்தி உண்டா என்பதல்ல; "நீங்கள் சைவமா, அசைவமா?" என்பதேயாகும். இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணொருவர், மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பல வாசற்படி ஏறி இறங்கிய கதையை நம்மிடம் சொன்னார். ஒரு வீட்டில், "மீன் வீட்டில் சமைக்கமாட்டேன், வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று ஒப்புக்கொண்டும் சாவி கிடைக்கவில்லையாம். அடுத்த கேள்வி, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்பதாம்.

தோழர்களே! மீன் நாற்றந்தான் ஆட்சேபணை என்றால், மீனே சமைக்கமாட்டேன் என்ற பிறகு "என்ன ஆட்கள்" என்பதற்கு அங்கு என்ன வேலை? ஜாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாயிருப்பதால் சட்டியை முன்னால் அனுப்பிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். 2014-ல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் மாமிசம் உண்ணாதவர்கள் 100-க்கு 3 பேர்கூட இல்லை. அப்படியானால் "சைவம் மட்டும்" என்னும் பலகை யாரைத் தள்ளுவதற்கென்று தொங்குகிறது?

இது புதுச் சரக்கும் அல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். திருவல்லிக்கேணி முரளி கபேயில் "பிராமணாள்" என்ற எழுத்தை அழிக்க 1957-ல் மறியல் செய்யவேண்டியிருந்தது. அவை பழங்கதை என்பார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சாப்பாட்டு விடுதி ஒன்றில், சைவத்தாருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டியதும் பழங்கதைதானா? கூச்சல் கிளம்பியதும் அதைக் கிழித்துவிட்டு, ஒப்பந்தக்காரர் செய்த காரியம் என்று சமாதானம் சொன்னார்கள். யாரோ ஒட்டினார்கள், எத்தனை பேர் அதைக் கண்டும் பேசாமல் கைகழுவிப் போனார்களோ?

"என் வீடு, என் இஷ்டம்" என்பார் வீட்டுக்காரர். ஓட்டல்காரனும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னான். அரசியல் சட்டம் 15-வது பிரிவில் கடை, ஓட்டல், கிணறு, குளம் ஆகியவற்றில் ஜாதியின் பேரால் ஒருவரையும் தடுக்கலாகாது என்கிறது. வாடகை வீடு அந்த ஜாபிதாவில் இல்லை. எனவே கிணற்றடியிலிருந்து துரத்தப்பட்ட ஜாதி, வீட்டுப் புரோக்கரின் வாயில் வந்து குந்திக்கொண்டது. சட்டசபைக்குப் போய்ச் சமூகநீதி பேசும் கனவான்கள் இதற்கொரு சட்டம் கொண்டுவர ஏன் வாய் திறப்பதில்லை? அவர்களில் எத்தனை பேருக்கு வாடகை வீடுகள் உண்டு என்பதையும் சேர்த்தே யோசிக்கவேண்டும். இப்படிக் கேட்போரில் பார்ப்பனரல்லாதாரும் தாராளமாய் உண்டு.

நிற்க. அந்தப் பெண் சொன்ன இன்னொரு சங்கதி நம்மவருக்குக் கசக்கும். அவருடைய ஊர் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கும் அண்ணனுக்கும். வாலும் குழம்பும் அம்மாவுக்கு. பட்டணத்தில் "மீன் தின்கிறவள்" என்று கதவடைத்தார்கள். ஊரிலோ அந்த மீன் அவர் தட்டுக்கு ஒழுங்காய் வந்ததேயில்லை! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியா முழுதும் 100-க்கு 57 பேரும், தமிழ்நாட்டில் 53 பேரும் இரத்தசோகைக்காரர்கள். காரணம் பல உண்டு. பெண் கடைசியில் மிச்சத்தைத் தின்பதும் அவற்றில் ஒன்றல்லவென்று யார் சொல்லமுடியும்?

மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தோழர், தட்டுக்கு முன் உட்காருமுன் அடுக்களைக்குள் போய்ச் சட்டியில் எத்தனை துண்டு மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.