காணி யார் பெயரில்?

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி சனிக்கிழமை, 39 பெயர்கள் உள்ள நீளமான வாக்குச் சீட்டு நம் கைக்கு வந்தது. அதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இருக்கவில்லை. 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தெரிவுசெய்த நாடு இது. 1994இல் ஒரு பெண்ணை ஜனாதிபதியாக்கிய நாடும் இதுதான். அதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் பெண்களுக்கு அந்தப் பெருமையால் ஒரு நாள் பெயர்கூட அதிகமாக விழுந்ததில்லை. ஆகவே வேட்பாளர் ஆணா பெண்ணா என்பதை விட்டுவிட்டு, அவர் சொல்லும் திட்டம் நம் வீட்டுப் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்ப்போம்.

எல்லா வேட்பாளர்களையும் இங்கே அலச இடமில்லை. அந்தத் தேர்தலில் தோட்டங்களில் அதிகம் பேசப்பட்ட ஒரே ஒரு வாக்குறுதியை எடுத்துக்கொள்கிறோம். தோட்டத் தொழிலாளர்களைச் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களாக மாற்றுவேன் என்று ஐக்கிய மக்கள் சக்தியின் வேட்பாளர் சஜித் பிரேமதாச சொல்லிவந்தார். 2019 தேர்தலிலும் இதைச் சொன்னார். அந்தத் தேர்தலில் நாடு கோட்டாபய ராஜபக்சவைத் தெரிவுசெய்தாலும், நுவரெலியா மாவட்டம் சஜித்துக்கே பெருவாரியாக வாக்களித்தது. அவருடைய பேச்சை மலையகம் காதில் வாங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

அவருக்குச் சேர வேண்டிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுவோம். அதே 2019இல் மாதவிடாய்க் கால அணையாடைகளை இலவசமாகத் தருவேன் என்று அவர் மேடையில் சொன்னபோது, 'பேட்மேன்' என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரை அவர் வெட்கப்படாமல் ஏற்றுக்கொண்டார். இறக்குமதியாகும் அணையாடைகளுக்கு 2018 வரை நூற்றுக்கு நூறுக்கும் மேல் வரி இருந்த நாடு இது. பாடசாலையில் படிப்பிக்கும் எங்களுக்கு அந்தக் கேலியில் சிரிப்பு வரவில்லை. மாதத்தில் நாலைந்து நாள் வராத பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே இடாப்பில் புள்ளடி போடுகிறவர்கள் நாங்கள். அவர் அன்று தோற்றார். ஆனால் பேச்சு தோற்கவில்லை. 2024இல், ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கமே வசதி குறைந்த பாடசாலைகளின் ஏறத்தாழ 8 இலட்சம் மாணவியருக்கு 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு வேட்பாளர் துணிந்து சொன்னதை இன்னொருவர் செய்ய வேண்டி வந்தது. தேர்தல் காலத்தில் கேட்பது வீண் இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இனிக் காணிக்கு வருவோம்.

மருதானையில் நடந்த மாதர் கூட்டத்தில் இந்த வாக்குறுதியைப் பற்றிப் பேசினோம். தோட்டங்களிலிருந்து வந்த மாதர் தலைவிகளும் இருந்தார்கள். வெள்ளவத்தையில் வீட்டு வேலைக்கும் கொட்டாஞ்சேனையில் கடை வேலைக்கும் போயிருக்கும் நம் பிள்ளைகளும் லீவு கேட்டு வந்திருந்தார்கள். 'சொந்தக் காணி' என்றதும் எல்லோருடைய முகமும் மலர்ந்தது. மலராமல் எப்படி இருக்கும்? இருநூறு வருடமாக ஒரு பிடி மண் சொந்தமில்லாமல், வேலை இருந்தால்தான் லயத்துக் காம்பரா என்று வாழ்ந்த சனம். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழும்பி, "எங்க பேர்ல எழுதுவாங்களா, அவரு பேர்லயா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின், அங்கிருந்த ஒருவரிடமும் அதற்குப் பதில் இல்லை. எங்கள் காதில் விழுந்த மேடைப் பேச்சுகளிலும் அதற்குப் பதில் வரவில்லை.

இது சின்னக் கேள்வி இல்லை. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் வீடோ காணியோ கொடுக்கப் பெயர்ப்பட்டியல் எழுத வருகிறவர்கள் 'குடும்பத் தலைவர் யார்' என்றுதான் கேட்கிறார்கள். ஆண் முன்னுக்கு வந்து நிற்கிறார். அவர் பெயர் ஏறிவிடுகிறது. புருஷன் இறந்தவர், விட்டுப்போனவரின் மனைவி, வெளிநாட்டில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் தாய் ஆகியோரின் பெயர் ஏற எத்தனை கடிதம், எத்தனை சிபாரிசு என்பது நம் சங்கத் தலைவர்மாருக்குத் தெரியும். நாட்டின் சட்டமும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. குடியேற்றக் காணிகளுக்கான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாரிசு வரிசையில் மகனுக்குப் பிறகுதான் மகள். அதைத் திருத்த 2022 வரை, அதாவது 87 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. நமக்குக் காணி பிரிக்கும்போது அந்தப் பழைய கதையைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

பெயர் விஷயம் ஒன்று. அதைவிடப் பெரியது, தொழிலாளி என்ற பெயர் போனால் அதோடு என்னென்ன போகும் என்பது.

2024 செப்டெம்பரில் 1,350 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. அந்த வருட மே தினத்தில் கொட்டகலையில் 1,700 என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் 1,350இல் வந்து நின்ற கதையை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கோபம் இருக்கட்டும். கணக்கைப் பாருங்கள். மாதம் 25 நாள் பெயர் விழுந்தால் அந்த நாட்சம்பளத்தில் 33,750 ரூபா. அதற்கு மேலே கம்பனி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மாதம் 5,062 ரூபா 50 சதம். வேலையை விடும்போது சேவைக்காலப் பணம் வேறு: நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம். 25 வருடம் வேலை செய்த ஒரு அம்மாவுக்கு அந்தச் சம்பளத்தில் 4,72,500 ரூபா வரும். அனேக தோட்டப் பெண்களின் வாழ்நாளில் தங்கள் பெயருக்கு வரும் ஒரே பெரிய தொகை இதுதான். மகளின் கலியாணமும் வீட்டுக் கூரையும் மகனின் படிப்பும் அதில்தான் தொங்குகின்றன.

அடுத்து மகப்பேற்றுக் கொடுப்பனவு. 1939ஆம் ஆண்டுச் சட்டம் அது. மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் என்றிருந்ததை 2018இல் மாற்றி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்றாக்கினார்கள். பிள்ளைக் காம்பராவும் அப்படித்தான். பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போக அது இல்லாமல் முடியாது.

இவை அனைத்தும் தொழிலாளி என்ற ஒரு சொல்லில் கட்டப்பட்டிருக்கின்றன. செக்ரோலில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சிறு தோட்ட உரிமையாளருக்கு யார் சேமலாப நிதி கட்டுவது? 84 நாள் யார் கொடுப்பது? பிள்ளைக் காம்பராவை யார் நடத்துவது? உரிமையாளர் என்றால் தனக்குத்தானே முதலாளி. அப்படியென்றால் அந்த வீட்டில் தொழிலாளி யார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்தான். பெயரும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல்.

இது கற்பனைப் பயம் இல்லை. 'வருமானப் பங்கீடு', 'வெளிவாரி முறை' என்ற பெயர்களில் சில கம்பனிகள் ஏற்கெனவே செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. நாங்கள் போய்ப் பார்த்த ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) புத்தகத்தில் ஆணின் பெயர். அவர் டவுனில் கட்டட வேலைக்குப் போகிறார். கொழுந்து எடுப்பது, புல் வெட்டுவது, மருந்தடிக்கத் தண்ணீர் சுமப்பது எல்லாம் மனைவியும் மாமியாரும். பின்னேரம் பாடசாலை விட்டு வந்ததும் எட்டாம் வகுப்பு மகளும் கூடை எடுக்கிறாள். கொழுந்துக் காசு மாதக் கடைசியில் புத்தகத்தில் பெயர் உள்ளவர் கைக்குப் போகிறது. அது வீட்டுக்கு வரும் வழியில் தவறணை இருக்கிறது. எல்லா ஆண்களும் அப்படியில்லை என்று நம் அண்ணன்மார் கோபிப்பார்கள். சரிதான். ஆனால் நல்ல ஆள் வாய்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பதை உரிமை என்று சொல்ல முடியாது.

ஒரு ஜனாதிபதியின் ஒரு கையெழுத்து சிறு தோட்டக்காரரை எப்படி அடிக்கும் என்பதை 2021இல் பார்த்தோம். இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். சிறு தோட்டங்களில் விளைச்சல் விழுந்தபோது அந்த நட்டம் முழுவதும் அந்த வீடுகளின் தலையில். தோட்டத்தில் நமக்கும் வேலை நாள் குறைந்தது, கிலோவைக் கூட்டி அரைப்பெயர் போட்டார்கள். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் 1,000 ரூபா என்று அந்த வருடம் மார்ச்சில் வந்த வர்த்தமானியைக் காட்டிச் சண்டை பிடிக்கவாவது எதிரே ஒரு துரை இருந்தார்.

அப்படியானால் காணி வேண்டாம் என்கிறோமா? இல்லவே இல்லை. நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு சிறு தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. தெற்கில் அந்தக் காணிகளால் நிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம். அந்த வாய்ப்பு நமக்கு மட்டும் ஏன் கூடாது? சொந்தக் காணி உள்ள பெண்ணை வீட்டிலும் யாரும் சுலபமாகக் கைநீட்டி அடிப்பதில்லை. கடன் கேட்கப் போனாலும் வங்கியில் கதிரை கொடுப்பார்கள். நாங்கள் கேட்பது, காணி வரும்போது இவையும் கூட வர வேண்டும் என்பதே. பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும், தனியாக வாழும் பெண்ணுக்குத் தனிப் பத்திரம் வேண்டும். சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபையில் பெண்ணும் பதிவாக வேண்டும். உரமானியமும் கூட்டுறவில் ஒரு குரலும் அந்தப் பதிவோடுதான் வருகின்றன. கொழுந்துக் காசு வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், அந்தக் கணக்கில் அவள் கையெழுத்தும் இருக்க வேண்டும். காணி கைக்கு வரும் நாள்வரை உள்ள சேவைக்காலப் பணத்தைக் கம்பனி ஒரு சதம் குறையாமல் கட்டித் தீர்க்க வேண்டும். மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும். இதில் எது அதிகம்?

இந்தக் கேள்விகள் தொலைபேசிச் சின்னத்துக்கு மட்டும் இல்லை. 2024 தேர்தலில் இ.தொ.கா. ரணில் பக்கமும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கமும் நின்றன. தேசிய மக்கள் சக்தி 2023இல் ஹட்டனில் பிரகடனம் செய்தது, மாவட்டந்தோறும் பெண்கள் மாநாடும் நடத்தியது. ரணில் அரசாங்கம் 2024 ஜூனில் பெண்கள் வலுவூட்டல் சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதத்தில் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை யார் திரும்பத் தூக்குவார் என்று தெரியவில்லை. காணியையும் வீட்டையும் பற்றி மூவருமே பேசினார்கள். மூவரிடமும் கேளுங்கள்.

நம் பெண்களுக்குக் கிடைத்த எதுவும் மேடையிலிருந்து தானாக விழவில்லை. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று இருந்தது 1984 வரை. அந்த ஏப்ரலில் தோட்டமெல்லாம் வேலையை நிறுத்திய பிறகுதான் சம சம்பளம் வந்தது. அன்று கூடையை இறக்கிவைத்துவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்த பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் உட்கார்த்திக் கதை கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் அது இல்லை.

கொழும்பில் வீட்டு வேலை செய்யும் தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துச் சட்டங்களில் பாதிகூட உங்களை வந்து சேரவில்லை. உங்கள் தொழிலுக்கென்று புத்தகத்தில் இருப்பது 1871ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த 16 வயதுப் பிள்ளை 2021 ஜூலையில் எரிகாயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்தபோது எல்லாத் தலைவர்களும் பேசினார்கள். அந்தப் பேச்சு எந்த மேடையில் இப்போது இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். தோட்டத்தில் பெண்ணுக்கு வேலையும் காணியும் உறுதியாக இருந்தால், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை மருதானை ஸ்டேஷனில் பையோடு இறங்க வேண்டி வராது.

உங்கள் வாக்குப் பதிவு அனேகமாக ஊரில்தான் இருக்கும். வாக்களிக்கச் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். வாக்குச் சீட்டில் ஒருவருக்கு மட்டும் போடலாம், அல்லது 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு வரிசையும் குறிக்கலாம். 1ஐயும் புள்ளடியையும் கலந்து போட்டுச் சீட்டைப் பழுதாக்கிவிடாதீர்கள்.